டாக்டரம்மா முகர்ந்த ஈரல்

அந்தத் தெருவில் ஈரலைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குப் பட்டயப் படிப்பு, அரசாங்கம் கொடுத்த கத்தி, ஊதா மை முத்திரை, பதினேழு வருட அனுபவம் எல்லாம் இருந்தன. இன்னொருவருக்கு மீசை மட்டும்தான் இருந்தது. சனங்கள் மீசையைத்தான் நம்பினார்கள்.

முதலாமவர் நகராட்சி இறைச்சிக் கூடத்தின் ஆய்வாளர். தினமும் காலையில் அறுக்கப்படும் ஒவ்வொரு ஆட்டின் நாக்கு, நுரையீரல், ஈரல் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து, நல்லதென்றால் தொடையில் முத்திரை குத்துவார். அதனால் தெருவே அவரை முத்திரை சார் என்றது. இரண்டாமவர், கறிக்கடை அக்கா வளர்த்த சாம்பல் நிறப் பூனை. அதைத் தெருவே டாக்டரம்மா என்றது. படித்தவரை சார் என்றும், படிக்காததை டாக்டர் என்றும் கூப்பிட்டால் மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

இந்தக் கூத்து தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். வரிசையில் முதல் ஆளாக மனு ஐயா நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதற்கெடுத்தாலும் மனு எழுதுவார். தெருவிளக்கு எரியவில்லை என்றும் எழுதுவார், எரிந்தால் தூங்க முடியவில்லை என்றும் எழுதுவார். அவருக்காக அக்கா ஒரு ஈரலை எடுத்து, ஓரத்தில் மெல்லிசாக ஒரு துண்டு சீவி, வழக்கம்போலப் பூனைக்குப் போட்டாள். பூனை கிட்டே வந்தது, முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

"என்னடி, மகாராணிக்கு இன்னிக்கு இது ஆகாதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஈரலை நறுக்கினாள். வெட்டிய இடத்திலிருந்து ஒரு புழு மெதுவாகப் பலகையில் வந்து விழுந்தது. தட்டையாக, காய்ந்த இலை மாதிரி, ஓரம் சுருண்டு சுருண்டு விரிந்தது. மனு ஐயா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். புழு அப்போதும் இருந்தது.

அடுத்த நொடி அக்கா போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரரே எழுந்து நின்றுவிட்டார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! நம்ம பூனைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

அவ்வளவுதான். பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் பூனைப் பக்கம் திரும்பியது. பூனை படியில் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் அது டாக்டரம்மா ஆகிவிட்டது.

முத்திரை சாருக்குச் செய்தி போனபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஈரலுக்கு ரெண்டு வெட்டு" என்றார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும். "அடிப்பக்கம் சாய்வா நீளமா ஒன்னு. சின்ன மடல் தொடங்கற எடத்துல குட்டையா ஒன்னு. பித்தக்குழாய் ரெண்டும் திறந்துக்கும். கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்தினா, புழு இருந்தா தானா எட்டிப் பாக்கும். என் ரெண்டு வெட்டுக்குத் தப்பின புழு இன்னும் பொறக்கலை."

"அப்ப அது எங்கேருந்து சார் வந்துச்சு?"

"கடையில மாத்தியிருப்பாங்க."

யாரும் நம்பவில்லை. அவருடைய மனைவியே நம்பவில்லை. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பார்வை சரியில்லாதவர்களைத் தினமும் பத்துப் பேரைப் பார்ப்பதால் புருஷனைப் பார்க்கும்போதும் அதே முகத்தோடு பார்ப்பாள்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு முறை உண்டாகிவிட்டது. யார் ஈரல் கேட்டாலும் அக்கா முதலில் ஒரு துண்டு சீவி டாக்டரம்மாவுக்கு வைப்பாள். அது தின்றால் ஈரல் பாஸ். முகத்தைத் திருப்பினால் அடுத்த ஈரல். முத்திரை சார் விடுவாரா? கடைக்குள் பிராணிகள் கூடாது என்ற விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். அக்கா ஒரு காலிப் பழப்பெட்டியைக் கவிழ்த்து வாசலுக்கு வெளியே போட்டு, டாக்டரம்மாவை அதில் உட்கார வைத்தாள். அவர் அளவுநாடா கொண்டுவந்து அளந்தார். பெட்டி வாசல்படியிலிருந்து மூன்று அங்குலம் வெளியே இருந்தது.

"தெருவுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் உண்டா சார்?" என்று அக்கா பவ்யமாகக் கேட்டாள். சம்பந்தம் இல்லை. நாடா தானாகச் சுருண்டு அவர் விரலில் அடித்தது.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். டாக்டரம்மா எந்தத் தேதியில் எத்தனை ஈரலை வேண்டாம் என்றது என்று குறிக்கத் தொடங்கினார். என்றைக்காவது இந்தப் பூனையின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றாமல் விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். முதல் மாதம் பத்துக்கு இரண்டு, மூன்று. மூன்றாவது மாதம் பத்துக்கு ஐந்து. போன மாதம் பத்துக்கு எட்டு. டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அதன் மவுசு ஏறியது. "ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்களும் இங்கே வரத் தொடங்கினார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "என்னங்க, இன்னிக்கு டாக்டரம்மா ரெண்டே ரெண்டுதான் பாஸ் பண்ணாங்களாம். நான் ஒன்னு வாங்கிட்டேன்" என்று மனைவி பெருமையாகச் சொன்னாள்.

"நான் பாஸ் பண்ணது போதாதா உனக்கு?"

"நீங்க பாஸ் பண்றீங்க. அவ சாப்பிட்டே காட்டறா."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைப் பையில் ஊதா மைக் கறை. பதினேழு வருடமாகத் துவைத்தும் போகாத கறை. அந்தக் கறையில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இந்த ஊரில் மூன்று வேளையும் கறி தின்கிறவன்கூட வயிற்று வலி என்று படுத்ததில்லை என்றால் அதற்குக் காரணம் தான் என்று அவர் உறுதியாக நம்பினார். நம்பியது தப்பும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா பழப்பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா கூப்பிட்டாள், ஈரலைக் காட்டினாள், பாலைக் காட்டினாள். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, காய்கறிப் பையில் பூனையைத் தூக்கிக்கொண்டு பிராணி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இருக்கும் டாக்டர், முத்திரை சாரின் மனைவிக்குத் தங்கை. நிஜமான டாக்டரம்மா. ரத்தம் எடுத்தாள், மலத்தை எடுத்துச் சோதித்தாள், நுண்ணோக்கியில் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஈரல்ல புழு" என்றாள்.

அவள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அக்கா வாசலைத் தாண்டிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கணக்கு எல்லோருக்கும் சுலபமாக வந்தது. பூனைக்கு ஈரலில் புழு. பூனை தின்றது ஆட்டு ஈரல். ஆட்டு ஈரலைப் பாஸ் பண்ணியது யார்? நமக்காகத் தின்று பார்த்துப் பார்த்து அந்த வாயில்லா ஜீவன் நம் வியாதியை வாங்கிக்கொண்டதே என்று இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மனு ஐயா பேனாவை எடுத்தார்.

மனு இரண்டு பக்கம். "தகுதியற்ற ஈரலுக்குத் தகுதி முத்திரை இட்டு, பொதுமக்களின் நம்பிக்கைக்குப் பாத்திரமான பூனை ஒன்றைப் படுக்கையில் தள்ளிய" என்று தொடங்கி, கடைசியில் "தக்க நடவடிக்கை" என்று முடிந்தது. அடியில் நாற்பத்தாறு கையெழுத்து. நகலை வாங்கிப் படித்த முத்திரை சார் இருபத்து மூன்றாவது கையெழுத்தில் நின்றுவிட்டார். அது அவர் மனைவியுடையது.

"படிக்காம போட்டுட்டேங்க" என்றாள் அவள். "பூனைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி நீட்டினாங்க. நலம் விசாரிக்கற கார்டுன்னு நெனச்சேன்."

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். பதினைந்து நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் கத்தியையும் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டுத் தோல் கிடங்குக்குப் போக வேண்டும் என்றார். தோல் கிடங்கில் ஈரல் கிடையாது. உப்பும் நாற்றமும்தான். முத்திரை சார் வெளியே வந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நேரே மச்சினியின் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே நுழையும்போதே குரல் மேலே போயிற்று.

"நீ சொன்ன ஒரு வார்த்தையில என் வேலையே போகப் போகுது தெரியுமா!"

"கத்தாதீங்க மாமா. அங்க ஒரு முயல் இருக்கு, அதுக்கு ஏற்கெனவே இதயம் வீக்கு" என்றாள் அவள். "இப்படி வாங்க. குனிஞ்சு பாருங்க."

அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். பழுப்பு நிறத்தில் முட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஒரு மூடி.

"இது உங்க ஆட்டுப் புழுவோட முட்டை இல்ல மாமா. அது இதைவிட மூணு மடங்கு பெருசு. இது வேற ஜாதி. பூனையோட பித்தக்குழாய்லதான் குடித்தனம் பண்ணும்."

"எங்கேருந்து வந்துச்சு?"

"நத்தைகிட்டேருந்து. நத்தை வெளிய விட்ட குட்டிப் புழுவை ஈரக் கல்லுக்கடியில இருக்கற பூச்சி சாப்பிடும். பூச்சியைப் பல்லி சாப்பிடும். பல்லியைப் பூனை சாப்பிடும். அவ்வளவுதான் கதை."

"ஆட்டு ஈரல் தின்னா வராதா?"

"வரவே வராது. ஆட்டு ஈரல்ல இருக்கற வளந்த புழுவை முழுங்கினா வயித்துல செரிச்சுப் போயிடும். ஆடே அதை ஈரல்லேருந்து வாங்கறதில்லையே, தண்ணி ஓரத்துப் புல்லுலேருந்துதானே வாங்குது? நீங்க படிச்சதுதானே?"

படித்ததுதான். முத்திரை சாருக்கு அந்த இடத்திலேயே ஆட வேண்டும்போல் இருந்தது. முயலுக்காக அடக்கிக்கொண்டார். "இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார். அவளும் கொடுத்தாள். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கறிக்கடைக்குப் போனார். அப்படிப் போகாமலே இருந்திருக்கலாம்.

"பல்லியா!" என்றாள் அக்கா. கத்தி அந்தரத்தில் நின்றது. "எம் பூனையா? நாள் தவறாம ஈரல் திங்கறவ பல்லியையா போய்த் திம்பா? உங்க வீட்ல தெனம் நல்ல சாப்பாடு இருக்கே, நீங்க போய் எச்சில் எலையை நக்குவீங்களா?"

மனு ஐயா தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "கையெழுத்து யாரது? உங்க மச்சினி. சொந்தக்காரங்க குடுக்கற சர்டிபிகேட் செல்லாது சார். பூனை பல்லி தின்னதைப் பாத்த சாட்சி இருக்கா?"

சாட்சி இல்லை. சாட்சி வேண்டுமென்றால் டாக்டரம்மா பிழைக்க வேண்டும், எழ வேண்டும், பசிக்க வேண்டும், எல்லோருக்கும் எதிரில் ஒரு பல்லியைப் பிடித்துத் தின்ன வேண்டும். பதினைந்து நாளில் ஒரு நாள் போயே போய்விட்டது. இதுவரை அந்தப் பூனை ஒழிய வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவர், இப்போது அது நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. வேண்டுதலை மாற்றிக்கொள்ள அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தினமும் மதியம் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார். கூண்டில் டாக்டரம்மா ஒரு துண்டைப் போல மடிந்து கிடந்தது. முன்காலில் ஊசிக் குழாய். புழு மருந்தை வாயில் போட வேண்டும். மச்சினி பிடித்துக்கொள்ள, இவர் போட்டார். முதல் நாள் மாத்திரை வெளியே வந்தது. இரண்டாம் நாள் மாத்திரை உள்ளே போனது, கூடவே அவர் ஆள்காட்டி விரலும் பாதி போனது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, "கடிக்கற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டார்.

ஐந்தாம் நாள் மச்சினி கேஸ் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "இவ எப்பலேருந்து சாப்பிடல? கறிக்கடை அக்காவைக் கேட்டா போன வாரத்துலேருந்துங்கறாங்க. ஈரல் இவ்வளவு கெட்டுப் போக ஒரு வாரம் போதாதே" என்றாள்.

"அக்காவுக்கு என்ன தெரியும்? எங்கிட்ட கணக்கு இருக்கு" என்று அவர் மிடுக்காக நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பக்கம் புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது.

"இது என்ன மாமா?"

"அவ ஈரலை வேணாம்னு தள்ளின கணக்கு. தேதி வாரியா. இந்தப் பூனை எவ்வளவு பித்தலாட்டம்னு நிரூபிக்கறதுக்காக எழுதினேன்."

"இது அவளோட வியாதிக் கணக்கு மாமா" என்றாள் அவள். குரல் தணிந்துவிட்டது. "மொதல் மாசம் ரெண்டு, மூணு. அப்பறம் அஞ்சு. அப்பறம் எட்டு. அவ ஈரல் நல்லால்லன்னு சொல்லல. சாப்பிட முடியலன்னு சொல்லியிருக்கா. அஞ்சு மாசமா சொல்லியிருக்கா."

முத்திரை சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். சில தேதிகளுக்குப் பக்கத்தில் கோபத்தில் அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தே இருந்தது. குமட்டலில் முகத்தைத் திருப்பிய பூனையைப் பார்த்து ஒரு தெருவே கை தட்டியிருக்கிறது. ஸ்ட்ரிக்ட் என்று மெச்சியிருக்கிறது. அவர் மட்டும் கை தட்டவில்லை, அவர் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மச்சினி பூனையின் காதை மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. மருந்துக்குப் பிறகும் இன்னும் மஞ்சள். ஆடு வந்தால் முதல் வேலையாக இமையைத் திருப்பி மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பவர் அவர். எத்தனை ஆயிரம் இமைகளைத் திருப்பியிருப்பார்! ஐந்து மாதம் இந்தப் பூனைக்கு நேர் எதிரே நின்று முறைத்தாரே தவிர, ஒரு தடவை அந்தக் காதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. மேலதிகாரி முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை.

"பொழச்சுக்குமா?" என்று கேட்டார். இந்தத் தடவை சாட்சியை நினைத்துக் கேட்கவில்லை.

எட்டாம் நாள் டாக்டரம்மா அவர் விரலிலிருந்து இரண்டு துளி நீர் கலந்த பாலை நக்கியது. பத்தாம் நாள் வேகவைத்த ஈரலில் ஒரு துணுக்குத் தின்றது. தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று அவர் கையைப் பார்த்தது. அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது, "உங்க பிள்ளை மொதல் தடவை சோறு தின்னப்பகூட இப்படிக் குதிக்கலை நீங்க" என்றாள் அவள்.

பதினோராம் நாள் அக்கா பூனையைக் கடைக்குக் கொண்டுவந்தாள். முத்திரை சார் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து பழப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். மடியில் நோட்டு. பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு தடித்த பல்லி குடியிருப்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். அது நாளைக்கு இரண்டு முறை வெளியே வந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போகும். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பல்லியைப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்தது. தெருவில் போகிறவர்கள் மூன்று பேரையும் பார்த்தார்கள்.

பதினான்காம் நாள் மதியம் கடையில் ஆள் இல்லை. அக்கா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்தாள்.

"சார், ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அன்னிக்குப் புழு வந்துச்சே, அந்த ஈரல். அதுல ஒரு வெட்டுதான் இருந்துச்சு சார்."

அவர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். மறுக்க வாய் திறந்தார். மறுக்க முடியாது. ஏனென்றால் அவருக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை நாளாக இல்லாதது மாதிரி வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அன்று மழை. கூடத்தில் எடை போடுகிறவர் என் குடையை எடுத்துக்கொண்டு போகிறார் என்று இவர் ஈரலைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார். குடை பழுப்புப் பிடியா கறுப்புப் பிடியா என்று கால் மணி நேரம். நீள வெட்டு போட்டாகிவிட்டது. குட்டை வெட்டு குடைச் சண்டையில் போயிற்று. கடைசியில் குடையும் அவருடையது இல்லை.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"பதினோரு வருஷமா உங்க வெட்டைப் பாத்து அதும் மேலதான் நான் வெட்டறேன். தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"புழு பலகையில நெளியுது. மனு ஐயா கை பேனாவுக்குப் போவுது. பதினோரு வருஷத்துல ஒரு நாள் ஒரு வெட்டு கொறஞ்சதுக்கு ஒரு மனுஷனைப் புடிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா? கண்ணுல பட்டது பூனைதான். அதைக் காட்டிக் கத்தினேன்." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அது இப்படி டாக்டர் பட்டம் வரைக்கும் போவும்னு நான் கண்டேனா? ஆனா ஒன்னு சார், எம் பூனை பல்லி மட்டும் திங்காது."

ஐந்து மாதமாகத் தன் மானத்தை வாங்கியவள் என்று நினைத்திருந்தவள் தன் மானத்தைக் காப்பாற்றியவள். அவர் பதிலுக்கு அவள் வாசலில் அளவுநாடா பிடித்திருக்கிறார். டீ ஆறிப்போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் ஞாயிறு. கடைசி நாள். விளக்கத்தை மறுநாள் காலையில் மேலதிகாரி மேசையில் வைக்க வேண்டும். கடை வாசலில் வரிசை தெருவிளக்கு வரை நின்றது. மனு ஐயா முதல் ஆள். நாலாவது ஆளாகப் பையோடு முத்திரை சாரின் மனைவி. டாக்டரம்மா பழப்பெட்டியில். பழைய மினுமினுப்பு ரோமத்தில் வந்திருந்தது. காதுகள் உள்ளே ரோஜா நிறம். அவர் வந்ததும் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்த்தார்.

சரியாகப் பத்தே கால் மணிக்குப் பல்லி வந்தது. பெயர்ப் பலகைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, கதவுச் சட்டத்தில் இறங்கி, ஒரு ஈயைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறங்கியது. டாக்டரம்மாவின் பின்பக்கம் மெல்ல ஆடத் தொடங்கியது. முத்திரை சார் சுற்றிப் பார்த்தார். மனு ஐயா இருக்கிறார். அக்கா இருக்கிறாள். முப்பது பேர் இருக்கிறார்கள். "எல்லாரும் இங்க பாருங்க!" என்று கத்தினார். எல்லோரும் பார்த்தார்கள். பூனை பாய்ந்தது. பல்லி அதன் வாயில் குறுக்காக இருந்தது. இன்னும் ஒரே ஒரு விழுங்கல். வேலை, கத்தி, முத்திரை எல்லாம் அந்த ஒரு விழுங்கலில் இருந்தன.

"ஏய், துப்பு!" என்று அலறினார் முத்திரை சார். "துப்புடி கழுதை! இப்பத்தானடி மருந்து முடிஞ்சுது!"

மடக்கு நாற்காலி ஒரு பக்கம் பறந்தது, நோட்டு ஒரு பக்கம் பறந்தது. அவர் பழப்பெட்டி மேல் விழுந்து, பூனையைக் கக்கத்தில் இடுக்கி, துணி சுற்றிய அதே விரலை அதன் வாயில் விட்டார். பூனை அதே விரலைக் கடித்தது. பல்லி அவர் கைமேல் ஓடி, தோள்மேல் ஓடி, சுவரில் தாவி, பலகைக்குப் பின்னால் மறைந்தே போயிற்று.

அவர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மூடிய கைக்குள் ஏதோ துடித்தது. விரித்தார்.

மனு ஐயா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "அது என்ன சார்?"

"வால்."

"யாரோடது?"

"என்னோடது இல்லைங்க."

அக்கா வந்து வாலைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். "அடி பாவி" என்றாள். "ஈரல் திங்கற வாய்டி அது!"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மனு ஐயா பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். "சரி, கண்ணால பாத்தாச்சு. பூனைக்கு வந்தது பல்லிப் புழு. சார் மேல தப்பில்லை. மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். முத்திரை சாரும் நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் கக்கத்திலிருந்த பூனை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, கறி வெட்டும் பலகைக்குப் பின்னால் அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூனைக்கு வந்ததுக்குப் பல்லி பொறுப்பு" என்றார். "அஞ்சு மாசம் முன்னாடி உங்க ஈரல்ல வந்த புழுவுக்கு நான் பொறுப்பு. ரெண்டு வெட்டு போடணும். ஒன்னுதான் போட்டேன். ஒரு குடைக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இன்னொன்ன விட்டுட்டேன். குடையும் என்னோடது இல்ல."

மனு ஐயாவின் கை சட்டைப் பையிலிருந்த பேனாமேல் இருந்தது. அதற்குள் அக்கா ஒரு ஈரலை எடுத்து, துண்டு சீவி, டாக்டரம்மாவின் முன்னால் போட்டாள். டாக்டரம்மா முகரக்கூட இல்லை. ஒரே வாயில் விழுங்கியது. இன்னொரு ஈரலிலிருந்து இன்னொரு துண்டு. அதுவும் போயிற்று. மூன்றாவதை அவள் கையிலிருந்தே பிடுங்கியது.

"என்ன இது, டெஸ்டே பண்ணாம முழுங்கறாங்க?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"அவ ராஜினாமா பண்ணிட்டா" என்றாள் அக்கா. "இனிமே மூக்கெல்லாம் கிடையாது. ஈரலைத் திருப்பிப் பாத்து வெட்டை எண்ணிக்கோங்க. ரெண்டு இருந்தா வாங்கிட்டுப் போங்க. ஒன்னு இருந்தா சாரைக் கூப்பிடுங்க."

மனு ஐயா குனிந்தார். பலகையிலிருந்த ஈரலை ஒற்றை விரலால் புரட்டினார். "நீளமா ஒன்னு" என்றார். கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார். "இங்க... குட்டையா ஒன்னு. ரெண்டு இருக்கு. அரைக் கிலோ போடும்மா."

பிறகு, பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைச் சுவரிலேயே தாளை வைத்து ஒரு மனு எழுதினார். தன் தப்பைத் தானே சொல்கிற அதிகாரியை மாற்றினால் அடுத்து வருகிறவர் சொல்லமாட்டார், ஆகவே இவரையே வைத்திருக்கவும் என்று ஒரு பத்தி. தெருவிலுள்ள பல்லிகளை உடனடியாக அப்புறப்படுத்தவும் என்று மூன்று பத்தி. தாள் வரிசையில் கை மாறிப் போயிற்று.

நாலாவது ஆள் அதை வாங்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்து, வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதடு அசையப் படித்தாள். மறுபடி ஒரு தடவை படித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, தரையில் பூனையோடு உட்கார்ந்திருந்த புருஷன் பக்கத்தில் குனிந்து, விரலில் அவிழ்ந்திருந்த துணியை இறுக்கிக் கட்டினாள்.

"இந்தத் தடவை படிச்சுட்டுத்தாங்க போட்டேன்" என்றாள்.